கடைசி நாளில் மன்னிப்புக் கேட்டவருக்குக் கிருபை, சரி. கூடவே வாழ்ந்து அடிபட்டவருக்கு?

நெல்லைச்சீமை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். வேதபாட வகுப்பில் கேட்கிற மாதிரியான கேள்வி இல்லை இது, வீட்டு விஷயமும் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா சமீபத்தில் இறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் குடி, குடித்துவிட்டு வந்தால் பெரியம்மாவுக்கு அடி. அவர் சம்பளம் வீட்டுக்கு வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. பெரியம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, பீடி சுற்றி, அந்தக் கூலியில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கழுத்தில் கிடந்த சங்கிலியையும் பெரியப்பா கழற்றிக் கொண்டுபோய் அடகு வைத்தார். கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குருவானவர் போய் ஜெபித்தார். பெரியப்பா அழுது, பாவங்களை அறிக்கையிட்டு, அப்பமும் ரசமுமான திருவிருந்து வாங்கிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் எபேசியர் 2:8 தான் பிரசங்க வசனம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." பெரியப்பா கர்த்தரிடம் சேர்ந்துவிட்டார் என்பதையே முழு நேரமும் பேசினார்கள். பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் வீட்டில் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "ஆண்டவரே மன்னிச்சிட்டாரு, நீயும் மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்று சொன்னார்கள். பெரியம்மா அழவில்லை. "ஆண்டவர்கிட்ட கேட்டாரு. என்கிட்ட கேக்கலையே" என்று மட்டும் சொன்னார்.

கிருபை இலவசம், தகுதி பார்க்காது, நம் செய்கையால் சம்பாதிக்க முடியாது. ஓய்வுநாள் பள்ளியிலிருந்து இதைத்தான் படித்தேன், நம்பவும் செய்கிறேன். ஆனால் அந்த வீட்டில் நின்றபோது, செய்தவருக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, தாங்கியவருக்கு "நீயும் மன்னித்துவிடு" என்ற இன்னொரு பாரம்தான் கிடைத்தது என்று பட்டது. தேவன் ஒருவரை மன்னித்தால், அவர் அடித்த ஆளின் கணக்கும் அதோடு தீர்ந்துவிடுமா? கிருபை என்றால் உண்மையில் என்ன? வசனத்தோடு சொல்லுங்கள், ஆனால் வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

தரங்கை வாசகன்:

சகோதரி, நான் லுத்தரன் சபைக்காரன், அதனால் என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும். கேட்கக் கஷ்டமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரியப்பா மெய்யாகவே மனந்திரும்பியிருந்தால் தேவன் அவரை ஏற்றுக்கொண்டார். இதில் ஒரு சொல்லைக்கூட என்னால் குறைக்க முடியாது, குறைத்தால் எனக்கும் போக்கிடம் இல்லை. மடத்தில் உபவாசம், இராவிழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் என்று எல்லாம் செய்து பார்த்தும் எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தருக்கு நிம்மதி வரவில்லை. ரோமர் 1:17-ல் சொல்லியிருக்கிற தேவநீதி, மனுஷன் கட்டவேண்டிய கடன் அல்ல, தேவன் தாமே கொடுக்கிறது என்று பிடிபட்ட பிறகுதான் வந்தது. 1517-ல் அவர் எழுதிய 95 கூற்றுகளுக்குப் பின்னால் இருந்த கோபமும், பாவத் தண்டனைக் குறைப்பைச் சீட்டுப் போட்டு விற்றதைப் பற்றியதுதான்.

மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாயும் நேரத்தில், வந்தவனுக்கும் ஒரு பணம். அந்தக் காலத்தில் அது ஒரு நாள் கூலி, ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடுவதற்கானது. "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்று முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். உங்கள் கேள்விக்குள் இருக்கிற குரலும் இதுதான், அந்தக் குரலைச் சொல்ல வைத்ததே இயேசுதான் என்பதால் அதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. எஜமான் அவர்களுக்குப் பேசின கூலியில் ஒரு காசு குறைக்கவில்லை. கடைசியாக வந்தவர்களும் வெட்டியாகச் சுற்றியவர்கள் அல்ல, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்று சொன்னவர்கள்.

ஆனால் இந்த உவமை உங்கள் பெரியம்மா வீட்டுக்கு முழுசாகப் பொருந்தாது, இதை நம் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை. தோட்டத்துக் கதையில் கடைசியாக வந்தவன் முதலில் வந்தவனை அடிக்கவில்லை, அவன் கூலியைத் திருடவில்லை. உங்கள் பெரியப்பா இரண்டையும் செய்தார். அதற்கு வேறு வசனம் பார்க்க வேண்டும், மத்தேயு 5:23, 24. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. பெரியம்மா கேட்டது அந்த வசனத்தைத்தான். திருவிருந்து கொடுக்குமுன் அந்த அம்மாவைக் கட்டில் பக்கத்துக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஒரு பழைய மாணவன்:

மேலே எழுதியவர் ரொம்ப மென்மையாகச் சொல்லிவிட்டார். பாவத்தை மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு, பாவம் செய்தவனிடம் ஒன்றையும் கேட்காமல் அனுப்பிவைக்கிற போதனைக்கு ஜெர்மனியில் லுத்தரன் போதகர் போன்ஹோஃபர் 1937-லேயே பெயர் வைத்துவிட்டார்: மலிவான கிருபை. மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சீஷத்துவம் இல்லாத கிருபை, சிலுவை இல்லாத கிருபை. ஹிட்லருக்குப் பணிந்துபோன சபைகள் ஞாயிறுதோறும் பாவமன்னிப்பை அறிவித்துக்கொண்டிருந்த நாட்டில் உட்கார்ந்து எழுதினார், சும்மா ஏட்டில் எழுதியது அல்ல. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

"கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று பவுலே கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டார், ரோமர் 6. தீத்து 2-ல் தேவகிருபை நமக்குப் போதிக்கிறது என்று வருகிறது, அவபக்தியை விட்டுவிடச் சொல்லி, தெளிந்த புத்தியோடு வாழச் சொல்லி. போதிக்காத கிருபை எந்தக் கிருபை? எங்கள் ஊரில் எத்தனை அடக்க ஆராதனைகளில் குடிகாரனுக்கும் மனைவியை அடித்தவனுக்கும் பரலோக டிக்கெட் வாசித்துக் கொடுக்கிறதைக் கேட்டுவிட்டேன். பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்கிறார்கள், அது அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை.

தரங்கை வாசகன்:

தம்பி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் கவனம். கடைசி நேரத்தில் அழுதவருடைய அழுகை உண்மையா பொய்யா என்று நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருப்பிக் கொடுக்க நேரம் இல்லை, இறங்கி நடக்க முடியாது. ஆனாலும் அவன் வாயிலிருந்து வந்ததைப் பாருங்கள்: "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், நாம் நடப்பித்தவைகளுக்குத்தக்க பலனை அடைகிறோம்." தன்னை நியாயப்படுத்தாமல் செய்ததை ஒத்துக்கொண்டான். போன்ஹோஃபரும் மன்னிப்பு இலவசம் என்பதை மறுக்கவில்லை, அதைப் பெற்றவன் பழைய இடத்திலேயே நிற்க முடியாது என்றுதான் சொன்னார்.

கடலோர வீட்டுப் பையன்:

நான் கத்தோலிக்கன். எங்களைப் பற்றி வழக்கமாக வருகிற பேச்சை முதலில் தள்ளிவைத்துவிடலாம், நாங்கள் நற்செயலால் மீட்பை விலைக்கு வாங்கலாம் என்று நம்புவதில்லை. எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547-ல் வெளியிட்ட ஆணையே, மனிதனை இறைவனுக்கு ஏற்புடையவன் ஆக்குகிற அருளை அதற்கு முந்தைய எந்தச் செயலாலும் சம்பாதிக்க முடியாது என்று சொல்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து, இந்த விஷயத்தின் அடிப்படை உண்மைகளில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து உண்டு என்று கையெழுத்துப் போட்டார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். தரங்கைக்காரர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அக்கா, உங்கள் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் நேரடியாகவே பதில் இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், பாவமன்னிப்புக் கொடுக்கும்போது குருவானவர் ஒரு பரிகாரமும் சொல்லி அனுப்புவார். நிறைய பேர் அதை ஏதோ ஜெபமாலையில் பத்து மணி உருட்டி ஜெபம் சொல்லுகிற சடங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459ஆம் எண்ணைப் படித்துப் பாருங்கள். நம் பாவங்கள் பலவும் அடுத்தவருக்குத் தீங்கு செய்கின்றன, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, ஆனால் பாவத்தால் வந்த சீர்குலைவு எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடுவதில்லை என்று சொல்கிறது. உங்கள் பெரியம்மா சொன்னதும் இதுதானே? உத்தரிக்கிற ஸ்தலம் (பரலோகம் போகுமுன் ஆத்துமா தூய்மையாகிற நிலை) பற்றிய எங்கள் போதனைக்கும் இதோடு தொடர்பு உண்டு, அதை ஏற்காதவர்களோடு இந்த இழையில் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இறந்த உடனே ஒருவர் முழுசாகச் சரியாகிவிட்டார் என்று சொல்ல நாங்கள் அவசரப்படுவதில்லை, அவருக்காக ஜெபிக்கத்தான் சொல்கிறோம். அது உங்கள் பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு ஒரு மரியாதை என்று எனக்குப் படுகிறது.

அரங்கன் அடியேன்:

வேற்று வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? நாங்கள் வைணவர்கள். நீங்கள் பேசுகிற பாதிப் பேச்சு எங்கள் வீட்டில் நூற்றாண்டுகளாக நடக்கிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்வது போல ஜீவனும் பெருமாளைப் பற்ற வேண்டும் என்று எங்களில் ஒரு பிரிவான வடகலையார் சொல்வார்கள். பூனை தன் குட்டியைத் தானே கவ்வி எடுத்துப் போவது போல அவன் எடுத்துக்கொள்வான், நீ சும்மா இருந்தால் போதும் என்று மற்றப் பிரிவான தென்கலையார் சொல்வார்கள். வடகலைக்கு ஆசாரியர் வேதாந்த தேசிகர், தென்கலைக்குப் பிள்ளை லோகாசார்யர். உங்கள் சிலுவை எங்களுக்கு இல்லை, இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்களிலும் அடியாருக்குச் செய்த அபசாரம் பெருமாளுக்குச் செய்த அபசாரத்தைவிடக் கொடியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டால் போதாது, அடியாரிடமே போய் விழ வேண்டும். அந்த அம்மா சொன்ன வார்த்தையைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை மகள்:

இவ்வளவு பேர் உட்கார்ந்து யோசித்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. இரண்டு விஷயம் இன்னும் உறுத்துகிறது. ஒன்று, எங்கள் சித்தப்பா சங்கீதம் 51-ஐக் காட்டி, "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்" என்று தாவீதே சொல்லியிருக்கும்போது மனுஷரிடம் கேட்க வேண்டிய அவசியம் என்ன என்கிறார். இன்னொன்று, பெரியம்மா வீட்டுச் சுவரில் "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வசன அட்டை வெகு காலமாகத் தொங்குகிறது. அவர் ஒவ்வொரு முறை அடிபட்டு வந்தபோதும் யாராவது ஒருத்தர் அதைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு இப்போது அந்த அட்டையைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

மாலைநேர வாசகி:

மகளே, எனக்கு வயது உங்கள் பெரியம்மா அளவுக்கு இருக்கும். மெதடிஸ்ட் சபையில் பெண்கள் ஐக்கியத்தில் ரொம்ப காலம் வேலை செய்தவள், இந்த மாதிரி வீடுகளுக்குள் போய் வந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சித்தப்பாவிடம் 2 சாமுவேல் 12-ஐத் திறக்கச் சொல்லுங்கள், அந்தச் சங்கீதத்தின் தலைப்பே அந்தச் சம்பவத்தைத்தான் சொல்கிறது: தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் சாகவைத்த பிறகு நடந்தது. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்து நியாயப்பிரமாணத்தை எடுத்து வாசிக்கவில்லை. ஒரு ஏழை மனுஷன், அவன் மடியிலே படுத்து அவன் வாயின் அப்பத்தைத் தின்று வளர்ந்த ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அதைப் பிடுங்கி விருந்து வைத்த பணக்காரன் என்று, பறிகொடுத்தவனைத்தான் முதலில் கண்முன் நிறுத்தினார். தாவீது கொதித்துப்போய், நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும் என்றான். "நீயே அந்த மனுஷன்" என்ற பிறகுதான் "கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" வருகிறது. உரியா அதற்குள் செத்துப்போய்விட்டான், அவனிடம் கேட்க வழி இல்லை. தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்தது, அவன் வீட்டில் அந்தப் பாவத்தின் விளைவு தீரவில்லை. இவ்வளவும் சேர்ந்ததுதான் 51ஆம் சங்கீதம், ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

அதே நாலத்தனை லூக்கா 19-ல் வரி வசூலித்த சகேயு வாயில் வருகிறது. அங்கே வரிசையைக் கவனியுங்கள். அவன் திருந்தட்டும், அப்புறம் போகலாம் என்று இயேசு காத்திருக்கவில்லை. மரத்தில் இருக்கும்போதே, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார், ஊரே முறுமுறுத்தது. அப்புறம்தான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். கிருபை முந்திக்கொண்டு வந்தது, வந்த கிருபை அவன் கையை மடியில் இருந்த பணத்துக்குக் கொண்டுபோனது. உங்கள் பெரியப்பாவுக்கு முதல் பாதி நடந்தது, இரண்டாவது பாதிக்கு நேரம் இல்லாமல் போனது, அல்லது பக்கத்தில் நின்றவர்கள் ஞாபகப்படுத்தவில்லை.

கிருபை வந்த அன்றே கண் முழுசாகத் திறந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஜான் நியூட்டன் 1748-ல் கடும்புயலில் கப்பல் மூழ்கப்போன இரவில் தேவனிடம் திரும்பினார். கிருபையைப் பற்றி உலகமே பாடுகிற 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர் அவர்தான். ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகும் 1754 வரை அவர் அடிமை வியாபாரக் கப்பல்களில் போனார், கேப்டனாகவும் இருந்தார். காலையில் வேதம் வாசித்துவிட்டு, கீழ்த்தட்டில் மனுஷரைச் சங்கிலியில் கட்டி ஏற்றிப்போன ஆள். 1788-ல்தான் அந்த வியாபாரத்தைக் கண்டித்துப் புத்தகம் போட்டார். அதில் தன் பங்கை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, இது எவ்வளவு உண்மையான அறிக்கை ஆனாலும், நான் காரணமாக இருந்த துன்பத்தைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாத அளவுக்குத் தாமதமாக வருகிறது என்று எழுதினார். தேவன் மன்னித்துவிட்டார் என்று அவர் சந்தேகமில்லாமல் நம்பினவர், நம்பினதால்தான் அந்த வரியை எழுத முடிந்தது. மன்னிப்பு உறுதி என்று தெரிந்தவனுக்குத்தான் தன் தப்பை முழு அளவில் பார்க்கத் தைரியம் வரும்.

இப்போது அந்த அட்டை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பது 2 கொரிந்தியர் 12. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் கெஞ்சிக் கேட்டார், அதற்குக் கர்த்தர் அவரிடமே சொன்ன பதில் அது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதல்ல. அடிக்கிறவன் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று சொல்ல அந்த வசனத்தில் இடமே இல்லை. அதே பவுலை அடிக்கக் கட்டினபோது, ரோமனைத் தீர்ப்பில்லாமல் அடிக்க உங்களுக்கு நியாயமுண்டா என்று கேட்டுத் தப்பித்தவர்தான், அப்போஸ்தலர் 22. உங்கள் பெரியம்மாவைத் திருப்பி அனுப்பினவர்கள் தேவனுடைய வாயைத் தங்கள் வாயாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அட்டையை எடுப்பதா விடுவதா என்பதைப் பெரியம்மா தீர்மானிக்கட்டும், நமக்கு அதில் வேலை இல்லை. அவர் பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கின அத்தனை வருஷமும் எது அவரைத் தாங்கினது என்று அவரிடமே கேளுங்கள். யாராவது கேட்டிருக்கிறார்களா?

மன்னிக்க வேண்டுமா என்றால், ஒருநாள் அவரால் முடியலாம். அது வந்தால் அதுவும் கிருபைதான், அவருக்குக் கொடுக்கப்படுவது. அவரிடமிருந்து வசூலிக்க வேண்டிய பாக்கி மாதிரி யாரும் வாசலில் நிற்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. பிலேமோனுக்கு எழுதின சின்னக் கடிதத்தில், பிலேமோனிடமிருந்து ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது பவுல், அவன் கிறிஸ்தவன் ஆகிவிட்டான், பழசை மறந்துவிடு என்று எழுதவில்லை. அவன் உமக்கு அநியாயம் செய்ததும் கடன்பட்டதும் உண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதி, நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். கடன் இல்லை என்று சொல்லவில்லை பாருங்கள், இன்னொருத்தர் ஏற்றுக்கொண்டார். சிலுவையைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நல்ல விளக்கம் அந்த இரண்டு வசனம்தான். பெரியப்பாவால் இனி ஒன்றும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் ரத்த சொந்தம் நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள், அவரைப் பரலோகத்துக்கு அனுப்பிவைத்த சபையும் இருக்கிறது. அவர் பேரில் இருக்கிற பாக்கியில் எதை யார் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு பழைய மாணவன்:

அம்மா, பிலேமோனை இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. சபை மூப்பர்களில் யாராவது ஒருத்தர் போய் அந்தப் பெரியம்மாவிடம், நாங்கள் உங்களைத் திருப்பி அனுப்பினது தப்பு என்று சொல்ல வேண்டும். அதையும் பட்டியலில் சேருங்கள்.

நெல்லைச்சீமை மகள்:

மாலைநேர வாசகி அம்மா எழுதினதை அப்படியே பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சகேயு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்த வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

சங்கிலி இன்னும் மூழ்கவில்லை, பெரியப்பாவின் சட்டைப்பையில் அடகுச் சீட்டு இருந்தது. வட்டியும் முதலும் எவ்வளவு என்று விசாரித்தாயிற்று. அண்ணன் பாதி போடுகிறேன் என்கிறான், சித்தப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை, பிலேமோனை வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்கலாம் என்று இருக்கிறேன். குருவானவரையும் பார்க்கப் போகிறேன், சண்டை போட அல்ல, மத்தேயு 5-ஐப் பற்றிப் பேச. அவர் என்ன சொல்கிறார் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.